படகில் ஓர் இடம்

"டேய் கிலியன், கையால இழுக்கறதை விடு. காலால உதைச்சுத் தள்ளுடா. ஜன்னல் திரையா இழுக்கிற?"

மாடி வராந்தாக் கம்பியில் தாடையை ஊன்றிக்கொண்டு ஷோனா கத்தினாள். கீழே, துடுப்புப் போடப் பழக்கும் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த அவள் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு உதைத்தான். இயந்திரத்தின் சின்னத் திரையில் எண்கள் விறுவிறுவென்று ஏறின.

படகுப் பயிற்சி தரும் பெர்னி இங்கே வருவது இது மூன்றாவது சனிக்கிழமை. லிஃபி ஆறு ஓடுவது என்னவோ இந்தக் குடியிருப்பின் முதுகுப்பக்கம்தான். அதில் படகு விடுவது மட்டும் பணக்காரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அதை மாற்றியே தீருவேன் என்று இங்கே ஆள் சேர்க்கக் கிளம்பியவள் அவள். முதல் வாரம் இயந்திரத்தை நடு முற்றத்தில் போட்டாள். பிறகு அந்தக் கனத்தை மூச்சு வாங்க இழுத்துவந்து, குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில், ஷோனா வீட்டு வராந்தாவுக்கு நேர் கீழே போட ஆரம்பித்தாள். மழைக்கு ஒதுங்கத்தான் என்று ஷோனா நினைத்துக்கொண்டாள்.

படகில் இன்னும் ஒரே ஓர் இடம்தான் காலி, இன்றே கடைசி என்று வந்ததுமே பெர்னி சொல்லிவிட்டாள். அதிலிருந்து ஷோனா கம்பியை விட்டு நகரவில்லை. அண்ணனும் அவள் தோழி ஜேடும் படகில் எப்போதோ இடம் பிடித்துவிட்டார்கள். அவர்கள் ஆற்றுக்குப் போய்விட்டால் சனிக்கிழமைகளில் இந்த வராந்தாவும் அவளும்தான்.

முதல் வாரம் அவளும் ஆசையாக இறங்கிப் போனாள். பதிமூன்று வயதுக்கு ரொம்பவே சின்ன உருவம். கால் மிதிப்பலகைக்கு எட்டவில்லை. பையன்கள் சிரித்த சிரிப்பில் மேலே ஓடிவந்தவள், அப்புறம் இறங்கவே இல்லை. மேலே நின்று கிண்டல் செய்வது சுலபமாக இருந்தது. பார்த்துப் பார்த்து, யார் எங்கே கோட்டை விடுகிறார்கள் என்பதும் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது.

"ஜேட், மூச்சை அடக்காத, விடு. இன்னும் பத்தே தடவை. சிப்ஸ் திங்கறப்போ மட்டும் கை வலிக்காதா உனக்கு?"

ஜேட் சிரித்துக்கொண்டே பத்தையும் இழுத்து முடித்தாள்.

கடைசியில், நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பையன் வந்து அந்த இடத்தைக் கேட்டான். நன்றாகவே இழுத்தான். அடுத்த வருஷம் வா என்று பெர்னி அனுப்பிவிட்டாள். இவனுக்கே இல்லையென்றால் தனக்கு எங்கே என்று ஷோனா கம்பியை விட்டுப் பின்வாங்கினாள்.

இயந்திரத்தை மடக்கிவிட்டு பெர்னி விடுவிடுவென்று படியேறி வந்தாள். இரண்டு வாரக் கிண்டலுக்கும் இன்றைக்குச் சேர்த்துத் திட்டு வாங்கப்போகிறோம் என்று ஷோனா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க. இனிமே கத்த மாட்டேன்."

"கத்தாம இருந்தா எப்படி, கண்ணு?" பெர்னி கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "துடுப்புப் போடறவங்க எட்டுப் பேரும் போற திசைக்கு முதுகைக் காட்டிக்கிட்டுதான் உட்காருவாங்க. எதிர்ல வர்றதைப் பார்த்து, சுக்கான் பிடிச்சு, அவங்களை விரட்டி வேலை வாங்க ஒன்பதாவதா ஒருத்தி வேணும். உடம்பு சின்னதா, வாய் நீளமா. அந்த எட்டு இடமும் முதல் வாரமே நிரம்பிடுச்சு. அப்புறமும் இந்தப் பாரத்தை உன் வராந்தாவுக்குக் கீழ இழுத்துட்டு வந்தது, உன் குரலுக்கு இவங்க கட்டுப்படறாங்களான்னு பார்க்கத்தான்."