சீப்பு பல் விளக்கிய கதை

கண்ணாடிக்கு முன்னால் ஒரு டப்பாவில் சீப்பும் பழைய பல் பிரஷும் குடியிருந்தன. வீட்டுக்காரன் அறவாழிக்கு மூன்று நாளில் கல்யாணம். தலையிலோ பொடுகு.

"வெந்தயம் அரைச்சுத் தேய்ச்சான், ஷாம்பு போட்டான். போன பொடுகு மறுநாளே திரும்புது. என்ன தலையோ," என்று சீப்பு அலுத்துக்கொண்டது.

"அண்ணே, நீங்க என்னைக்காவது பல் விளக்கியிருக்கீங்களா?" என்றது பிரஷ்.

சீப்பு கண்ணாடியைப் பார்த்தது. பல்லிடுக்கெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கும் பழைய பொடுகும். வாயை மூடலாமென்றால் உதடு இல்லை. வெட்கம் தாளாமல் கீழே இருந்த சோப்புத் தண்ணீர் வாளிக்குள் குதித்தது. துணைக்குப் பிரஷும் குதித்தது. இரண்டையும் எடுத்த அறவாழி, பிரஷை வைத்துச் சீப்பைத் தேய்த்தான்.

வரவேற்பன்று அவனுடைய கறுப்புக் கோட்டில் ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை. போட்டோக்காரர் "சிரிங்க" என்றதும், பையிலிருந்த சீப்புதான் முதலில் பல்லைக் காட்டியது.