நாரைக்குப் பயணப்படி

ஆமை முதலாளியின் உப்பு வியாபார விஷயமாக நாரை மலை தாண்டிப் பறந்துபோய், அன்றைக்கே வேலையை முடித்துத் திரும்பியது. வழியில் தின்ற மீனுக்குப் பயணப்படி கேட்டது.

“டிக்கெட் எங்கே?” என்றது ஆமை.

“சொந்தச் சிறகால் பறந்தேன், முதலாளி.”

“நீ காற்று வாங்கிவிட்டு வருவாய், நான் காசு கொடுக்கணுமா?”

நாரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே வேலைக்குப் போய், பஸ்ஸில் ஆடி அசைந்து, ஒரு வாரம் கழித்து வந்த நண்டுக்கு டீச்செலவுகூடக் கிடைத்ததே! இது என்ன நியாயம்?

அடுத்த மாதம் ஒருநாள் வானம் திடீரென்று இருட்டியது. மலைக்கு அப்பால் உப்பெல்லாம் திறந்தவெளியில் கிடந்தது.

“பறந்துபோய் உப்பை மூடச் சொல்லு, சீக்கிரம்!” என்று ஆமை அலறியது.

நாரை சிறகை மடக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றது.

“இந்தத் தடவை டிக்கெட்டோடு வருகிறேன், முதலாளி.”