மூன்றாவது குருவி

"கீழேயிருந்து ஏழாவது வரிசை. இடமிருந்து மூணாவது குருவி. பாருங்க, கண்ணு இருக்காது" என்றேன்.

முன்வரிசைக்காரர்கள் எழுந்து வந்து மேசையைச் சுற்றிக் குனிந்தார்கள்.

தங்கை மைக்கில் சிரித்தாள். "எங்க அக்கா தறியைக்கூட நிறுத்திடுவா, பேச்சை நிறுத்த மாட்டா. உஷாரா இருந்துக்கங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அவள் வேலை பார்க்கும் துணி நிறுவனத்தின் கூடம் அது. சுவரில் ஆள் உயரத்துக்கு எங்கள் அம்மா தறியில் போடும் குருவியின் படம். ஒரு பக்கம் நீளமான அலமாரி, வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தது. என் பேச்சு முடிந்ததும் திறப்பார்களாம்.

அம்மாவின் குருவியைப் பற்றி நாலு பேருக்குத் தெரியட்டும் என்று தங்கைதான் கூப்பிட்டிருந்தாள். நான் நெய்து அவளுக்குக் கொடுத்த சால்வையை மேசையில் விரித்தும் வைத்திருந்தாள்.

ஒன்பது வருஷம் கழித்துப் பார்க்கிறேன். தொட்டதும் கொஞ்சம் விறைப்பாகத் தெரிந்தது. மடிப்பிலேயே கிடந்தால் அப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

கண் எப்படி வருகிறது என்று விளக்கினேன். நீளவாக்கில் இருப்பது பாவு, சாம்பல் நிறம். குறுக்கே ஓடுவது ஊடை. குருவியின் உடம்புக்குச் சிவப்பு ஊடை. கண் வரும் இடத்தில் மட்டும் நாலு பாவு இழைகளை விரலால் தூக்கிப் பிடித்து, சிவப்பு நூலை அவற்றுக்கு அடியில் ஓட்ட வேண்டும். சாம்பல் எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான் கண்.

நாலு இழையைத் தூக்க மறந்தால் குருடு.

"முப்பத்தஞ்சு வரிசை, வரிசைக்குப் பன்னெண்டு குருவி. நானூத்தி இருபதுல ஒண்ணே ஒண்ணுதான் இப்படி. மெஷின்னா தப்பு வராது. இந்தத் தப்புதான் கைக்குச் சாட்சி."

தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இன்னும் குனிந்தே இருந்தார். சால்வையின் மேல்பாதியில் விரலை வைத்தார்.

"இங்கயும் ஒண்ணு இருக்கும்மா."

"இருக்காதுங்க" என்றேன், சிரித்துக்கொண்டே.

இருந்தது.

எண்ணினேன். இருபத்தெட்டாவது வரிசை, மூன்றாவது குருவி. அப்படியே கீழ் வரிசைகளுக்கு வந்தேன். இருபத்தொன்று, மூன்றாவது. பதினான்கு, மூன்றாவது.

முப்பத்தைந்தைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. பார்த்தேன்.

இயந்திரத்துக்கு முழுத் துணியும் வேண்டியதில்லை. ஒரு கட்டத்தைப் படமெடுத்துக் கொடுத்தால் போதும். அது முடிந்ததும் மறுபடி அதையே முதலிலிருந்து நெய்யும். ஏழு வரிசையைக் கொடுத்திருக்கிறார்கள். எது வடிவம், எது பிசகு என்று அதற்குத் தெரியாது. கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுக்கும்.

சால்வையின் ஓரத்தைப் புரட்டினேன். கையால் நெய்தால் சிவப்பு நூல் ஒவ்வொரு குருவிக்குள்ளும் போய் அங்கேயே திரும்பி வரும். பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே இருக்கும். இதில் நூலை நெடுக ஓட்டி, இடையில் கத்தரித்து விட்டிருந்தார்கள். மழித்த தாடி மாதிரி விரலில் குத்தியது.

தங்கை மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் காதருகே குனிந்தாள்.

"நீ நெய்ஞ்சது மேல ஆபீஸ்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்குக்கா. உன்கிட்டச் சொன்னா விடமாட்டன்னுதான் சொல்லல. அந்தக் கண்ணில்லாத குருவியையும் சேர்த்து எடுங்கன்னு நான்தான் அடம்பிடிச்சேன். அதானே சாட்சி? நீதானே சொன்ன?"

நான்தான் சொன்னேன்.

அவள் முகத்தில் திருட்டுக் களை இல்லை. எனக்கு ஒரு நல்லது செய்துவிட்ட பூரிப்பு இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

கண்ணாடி அம்மாள் நிமிர்ந்தார். "அது சரி, அந்த முதல் தப்பு எப்படிம்மா நடந்துச்சு?"

யார் கேட்டாலும் இதற்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். கை தவறிவிட்டது. தங்கையிடமும் அதையே சொல்லியிருக்கிறேன்.

அவள் அப்போது வெளியூரில் இருந்தாள். பக்கத்து அறையில் அம்மா படுத்திருந்தாள். ஏழாவது வரிசையில் மூன்றாவது குருவிக்குக் கண் வைக்கப் போன நேரம், அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சத்தமாக இல்லை. விரல் நின்றது, சிவப்பு நூல் ஓடிவிட்டது.

"இந்த வரிசையை முடிச்சுட்டு வந்துடறேம்மா" என்றேன்.

மீதி ஒன்பது குருவிக்கும் ஒழுங்காகக் கண் வைத்துவிட்டுத்தான் எழுந்து போனேன்.

அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று தங்கையிடம் சொன்னேன். இன்றுவரை அவள் அதைத்தான் நம்புகிறாள்.

அந்தக் குருவியைப் பிரித்து மறுபடி நெய்திருக்கலாம். பிரிக்கவில்லை. தங்கையின் பெட்டிக்குள் ஓர் ஓரமாக, யாருக்கும் தெரியாமல், அது ஒன்று மட்டும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா என்னை ஒருமுறைதான் கூப்பிட்டாள்.

"கை தவறிடுச்சுங்க" என்றேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். தங்கை அலமாரியை மூடியிருந்த வெள்ளைத் துணியை இழுத்துவிட்டாள். உள்ளே அதே சால்வைகள் அடுக்கடுக்காக இருந்தன.

"எத்தனை போட்டிருக்கீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"முதல்ல ஒரு ஆயிரம்" என்றாள் தங்கை.