மேசு கடிக்குது

“இது கடிக்குது, தம்பி.”

சண்முகநாதர் இப்படிக் குறை சொன்னது ஏழாவது தடவை.

பெரியகடை வீதியில் சப்பாத்தும், அதற்குள்ளே காலுக்கு மாட்டும் மேசும் விற்கும் கனிசியஸ், அவர் காலடியில் முழங்காலூன்றி இருந்தபடியே அண்ணாந்து பார்த்தான்.

“எவ்விடத்திலை கடிக்குது, ஐயா?”

“சின்ன விரலிலை. இல்லையில்லை, குதிக்காலிலை.”

“முதல் சோடி வெக்கை எண்டியள். ரண்டாவது, வாய் இறுக்குது எண்டியள். மூண்டாவது, தையல் முட்டுது எண்டியள். மேசு ஒருத்தரும் போட்டுப் பார்த்து வாங்கிறதில்லை ஐயா. அம்மா கேட்டதுக்காகத்தான் விட்டனான்.”

பக்கத்தில் நின்ற அவர் மனைவி பராசக்தி பெருமூச்சு விட்டார்.

“தம்பி சொல்லுறது சரிதானே? கலியாணக் கூறை எடுக்கக்கூட இவ்வளவு நேரம் செல்லாது. பத்து மணிக்கு வந்தனாங்கள். இப்ப பன்னிரண்டாகுது.”

“கால் என்ரை கால், பராசக்தி. நோகிறது எனக்கெல்லோ?”

“ஓம் ஓம், உங்களுக்குத்தான் கால் இருக்கு. நாங்களெல்லாம் தலையாலை நடக்கிறம்.”

சண்முகநாதர் மலாயாவில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து, பென்சன் எடுத்துக்கொண்டு சொந்த ஊரான அரியாலைக்குத் திரும்பியவர். நீரிழிவு வருத்தம். தினமும் காலையில் நடக்க வேண்டும், வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். அந்த நடைக்குத்தான் இந்த மேசு.

பராசக்தியும் லேசுப்பட்டவர் இல்லை. ஒவ்வொரு சோடிக்குள்ளும் கையை விட்டு, விரல் நுனித் தையலைத் தடவினார். வாயை இழுத்து இழுத்துப் பார்த்தார். கம்பளி வேண்டாம், பருத்திதான் வேண்டும் என்றார். அவர் தள்ளிவிட்டது நாலு சோடி. மனிசன் தள்ளிவிட்டது ஏழு.

கனிசியஸுக்குக் கோபம் ஏறியது. கடை முழுக்க மேசுகள் கிடந்தன.

எட்டாவதாக மண்ணிறத்தில் ஒரு சோடியை மாட்டிவிட்டான். சண்முகநாதர் கண்ணாடி வரை நடந்து போனார், திரும்பி வந்தார். முகம் மலர்ந்தது.

“இது! பஞ்சு மாதிரி இருக்கு. ஒரு இடத்திலையும் குத்தேல்லை.”

“அப்பாடா!” பராசக்தி வண்டில்காரனைக் கூப்பிட வாசலுக்கு விரைந்தார்.

கனிசியஸ் மேசுகளைக் கழற்றினான். வலது கால் மேசு கழன்று வரவில்லை. ஏதோ பிடித்தது. பார்த்தான். விலைத்துண்டு குத்தியிருந்த குண்டூசி! எடுக்க மறந்துபோயிருந்தான். அது பெருவிரலுக்குக் கீழே பாதி இறங்கியிருந்தது.

பிடுங்கினான். ஒரு சொட்டு இரத்தம் முத்தாக எழும்பியது.

சண்முகநாதர் வீதியில் போன மோட்டார்க் காரைப் பிராக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, நோகேல்லையோ?”

குனிந்தார். ஊசியைக் கண்டார். முகம் வாடிப்போயிற்று. கனிசியஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு வருசமாக ஒண்டும் தெரியிறேல்லை, தம்பி. பாதம் இரண்டும் மரக்கட்டை.”

“அப்ப கடிக்குது, இறுக்குது எண்டதெல்லாம்?”

“முதல் சோடியையே சரியெண்டு எடுத்தால் அவள் யோசிப்பாள். தெரிஞ்சால் என்னைப் படலைக்கு வெளியிலை விடமாட்டாள். நடக்கிற அந்த ஒரு மணித்தியாலந்தான் நான் வருத்தக்காரன் இல்லாமல் இருக்கிறது. சொல்லிப்போடாதை, தம்பி.”

கனிசியஸின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. காயத்தைத் துடைத்துத் துணி சுற்றி, அவருடைய பழைய மேசுகளையும் சப்பாத்தையும் தானே மாட்டிவிட்டான். அதே மண்ணிறத்தில் வேறொரு சோடி எடுத்து, ஊசி இல்லையென்று இரண்டு தரம் தடவிப் பார்த்துக் கட்டிக்கொடுத்தான்.

அவர்கள் போனார்கள். சாப்பிடப் போவோம் என்று கடைக் கதவை இழுத்தபோது, பராசக்தி தனியே திரும்பி வந்தார். கையில் அதே பொதி.

“தம்பி, இதை வைச்சுக்கொண்டு வெள்ளையிலை ஒரு சோடி தாங்கோ. கெதியா. அவர் வண்டிலிலை இருக்கிறார்.”

கனிசியஸுக்குப் பொறுக்கவில்லை.

“அம்மா! அந்த மனிசன் ஆசைப்பட்டு எடுத்தது இந்த ஒரு சோடி. அதையும் உங்கடை இஷ்டத்துக்கு மாத்தவேணுமோ? அவரின்ரை காலிலை அவருக்கு ஒரு உரித்தும் இல்லையோ?”

பராசக்தி கோபிக்கவில்லை.

“மண்ணிறத்திலை இரத்தம் பட்டால் தெரியாது, தம்பி.”

கனிசியஸ் கதவைத் திரும்பத் திறந்து, வெள்ளைச் சோடி ஒன்றை எடுத்தான்.

“போன மாசம் அவரின்ரை சப்பாத்துக்குள்ளை ஒரு கூரான கல்லு கிடந்தது. மூண்டு நாள் அதோடை நடந்திருக்கிறார். அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது. அதுக்குப் பிறகு, தோய்க்கிற சாட்டிலை ஒவ்வொரு நாளும் அவரின்ரை மேசுகளைப் பிரட்டிப் பார்க்கிறன்.”

“நீங்கள் அவரிட்டைக் கேட்கேல்லையோ, அம்மா?”

“கேட்டால் ஓம் எண்டு சொல்லிப்போடுவார். பிறகு அவரை நடக்க விட எனக்கு மனம் வருமோ?”

வெள்ளைச் சோடியை வாங்கிச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு படியிறங்கியவர், நின்று திரும்பினார்.

“நீங்கள்தான் மாறிக் கட்டிப்போட்டியள் எண்டு சொல்லப்போறன். நாளைக்கு வந்து உங்களைத்தான் ஏசுவார், தம்பி. ஏச்சை வாங்கிக்கொள்ளுங்கோ. ஆனால், மாத்தி மட்டும் குடுத்திடாதேங்கோ.”