பட்டுவின் உபவாசம்

ஓர் உயிரைக் கொல்வதும் உலகத்தையே கொல்வதும் ஒன்றுதான் என்பது ஆராவமுதனின் கொள்கை. சனிக்கிழமை தோறும் வீதி மண்டபத்தில் அதைப் பற்றி உபன்யாசம் செய்வார். முடிவில் சுண்டல் உண்டு என்பதால் கூட்டமும் வரும்.

அந்தக் கொள்கையோடுதான் அவர் அன்று காலை கொல்லைப்புறச் சாக்கடை ஓரம், கையில் தீப்பெட்டியுடன், கரப்பான் பூச்சி தேடிக் குந்தியிருந்தார்.

எல்லாம் பட்டுவுக்காக.

பட்டு ஒரு சிலந்தி. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் ரோமம். துறையூர்ப் பக்கத்து விறகுக் கட்டில், மரப்பட்டை இடுக்கில் ஒட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தது. விறகு இறக்கிய காத்தமுத்து செருப்பைக் கழற்றியபோது ஆராவமுதன் குறுக்கே பாய்ந்து, ஜீவகாருண்யத்தை ஆதியோடந்தமாக விளக்கினார்.

"அப்ப நீங்களே வச்சு வளத்துக்குங்க சாமி" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார் காத்தமுத்து.

வளர்த்தார். பெரிய மிட்டாய் பாட்டிலுக்குள் புளியமரப் பட்டை ஒன்றைச் சாய்த்து வைத்தார். சிலந்தியைத் தடவத் தைரியம் இல்லை, பாட்டிலைத் தடவுவார். பெண் என்று அவராகவே முடிவு செய்து, ஆபீஸ் கிளம்பும்போது "போயிட்டு வரேன்டி பட்டு" என்பார்.

சங்கடம் ஒன்றுதான். பட்டு சாப்பிடவில்லை.

தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து வைத்தார். தொடவில்லை. பால் வைத்தார், வாழைப்பழம் வைத்தார், கோயில் புளியோதரை வைத்தார். அக்காரவடிசிலை வேண்டாமென்ற முதல் ஸ்ரீரங்கவாசி அதுதான்.

உபவாசம் என்று வெளியே சொல்லி வைத்தார்.

"ஏகாதசி போய் துவாதசியும் போயாச்சு. உங்காத்துச் சிலந்தி உபவாசம் முடிச்சுப் பாரணை எப்பப் பண்றதாம்? எமர்ஜென்சியிலே ஜெயில்லே இருந்தவாகூட இப்படிப் பட்டினி கிடக்கலையே ஓய்!" என்றார் எதிர்வீட்டு ரங்கமன்னார்.

ஆராவமுதனுக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டுவின் வயிறு நாளுக்கு நாள் உப்பிக்கொண்டு வந்தது. பட்டினி முற்றினால் வயிறு வீங்கும் என்று எங்கோ படித்திருந்தார். செத்துப்போனால்? செருப்படியிலிருந்து காப்பாற்றிப் பட்டினி போட்டுக் கொன்ற பாவம் யாருக்கு?

சிலந்தி என்ன தின்னும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

கைலாசபுரம் போகும் ஆபீஸ் பஸ் வீதி முனையில் ஹாரன் அடித்தது.

செங்கல்லுக்கு அடியில் ஏதோ பழுப்பாகத் தெரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டார்; கரப்பானிடம் தனியாகக் கேட்டார். தீப்பெட்டியால் அள்ளி மூடினார்.

கை வெடவெடவென்று நடுங்கியது. உள்ளே அந்த ஜீவன் பெட்டிச் சுவரில் மோதி மோதித் துடித்தது. கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் அவர் வியர்வையில் தொப்பலாக நனைந்துவிட்டார்.

பாட்டில் மூடியைத் திறந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியைக் கவிழ்த்தார்.

பட்டு அசையவில்லை.

"உனக்காக ஜன்மாவையே கெடுத்துண்டுட்டேனேடி! ஒரு வாய் தின்னேன்!"

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து இடுக்கியும் கையுமாக ஓடிவந்தாள் மனைவி செங்கமலம்.

"ஏன்னா, எதுக்கு இப்படி அழறேள்? அதுக்குப் பசிக்காது. நீங்க எழுந்துக்கறதுக்கு முன்னாடியே தினம் ஒரு கரப்பு போட்டுடறேன். இன்னிக்கு ரெண்டு. வயித்தைப் பாருங்கோ, வளைகாப்பே பண்ணலாம்."

"நீயா? கரப்பையா?"

"அப்புறம் தலையோட ஸ்நானம் பண்ணிட்டுத்தான் அடுப்பு மூட்டித் தளிகை பண்றேன். வந்த குழந்தையைப் பட்டினி போடச் சொல்றேளா? உங்ககிட்டச் சொன்னா உபன்யாசம் கெட்டுப்போயிடுமேன்னுதான் சொல்லலை."

ஆராவமுதன் கோபப்பட முயன்றார். வரவில்லை. பட்டு சாகப்போவதில்லை என்பதே போதுமானதாக இருந்தது. மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாட்டிலை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். பிறகுதான் தன் கையைப் பார்த்தார்.

"அப்போ அந்த ஜீவனை நான் வீணாத்தான் பலி கொடுத்தேனா?"

செங்கமலம் பாட்டிலுக்குள் குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். இடுக்கியை உள்ளே விட்டு, அதை எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அது பேரீச்சங்கொட்டை.