பூட்டக்கா அமுக்கிய லிங்க்

“பூட்டக்காவா? இருக்கவே இருக்காது!”

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதே பெயர்தான்.

அலுவலகக் கம்ப்யூட்டர்களின் பாதுகாப்பு அவர் பொறுப்பு. எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால், யார் யார் ஏமாறுகிறார்கள் என்று பார்க்க, காலையில் அவரே ஒரு போலி மெயில் அனுப்பியிருந்தார்.

‘உங்கள் சம்பள உயர்வைப் பார்க்க இங்கே அமுக்கவும்.’

அமுக்கினால், ‘இது சோதனை. நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்’ என்று வரும்.

ஏமாந்தது இரண்டே பேர். போன வாரம் சேர்ந்த புதுப்பெண். அப்புறம், கணக்குப் பிரிவு பூட்டக்கா.

தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடக் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் போவதால் வந்த பட்டப்பெயர் அது!

அதைவிடக் கூத்து, ‘போலி மெயில் வந்திருக்கு சார், உஷார்’ என்று முதல் ஆளாக அவருக்குத் தகவல் சொன்னதே பூட்டக்காதான். சொல்லிவிட்டு, அரைமணி கழித்து அமுக்கியிருக்கிறார்.

“வயசாயிடுச்சோ என்னவோ” என்றாள் மனைவி, உள்ளேயிருந்து.

“என்னைவிடச் சின்னவங்கடி.”

“அப்ப சம்பள ஆசை.”

மேலாளர் போனில் வந்தார். “வழக்கம்போல சாயங்கால மீட்டிங்ல ஏமாந்தவங்க பேரைப் படிச்சிடுங்க. நாலு பேர் முன்னால மானம் போனாதான் புத்தி வரும்.”

அவருக்கு மனசு கேட்கவில்லை. பூட்டக்காவைப் போனில் கூப்பிட்டார்.

“கை தவறிப் பட்டுடுச்சாம்மா?”

“இல்ல சார். தெரிஞ்சேதான் அமுக்கினேன்.”

“போலின்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமா சார்.”

“அப்புறம் ஏம்மா? எனக்குத் தலையே சுத்துது.”

பூட்டக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“புதுப்பொண்ணு போன் பண்ணி ஓன்னு அழுதா சார், மீட்டிங்ல பேரைப் படிப்பீங்களேன்னு. அவ பேரை மட்டும் தனியாப் படிச்சீங்கன்னா, நாளைக்கு நிஜத் திருடன்கிட்ட மாட்டினாலும் பயந்துக்கிட்டு நம்மகிட்ட மறைச்சிடுவா. அதான்... என் பேரை முதல்ல படிங்க சார். சிரிக்கிறவங்க என்னைப் பார்த்தே சிரிச்சு முடிச்சிடட்டும்.”