இரக்கம் வேறு, அழைப்பு வேறு

"ஒங்களுக்கு அழைப்பு எப்ப வந்துச்சு தம்பி? போன்ல வர்றதக் கேக்கல," என்றார் நடுவில் இருந்த போதகர்.

மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கிராமச் சபைகளுக்கு உபதேசியார் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் குழு அது. நாம் சொல்வதைக் கேட்டு, மூவரும் ஜெபித்து, கர்த்தருடைய சித்தம் இன்னதென்று சொல்வார்கள்.

அவர்கள் இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

சொல்லத் தொடங்கினேன். மனப்பாடம் என்று தெரியக் கூடாது. ஒரு வார்த்தையும் மாறக் கூடாது.

விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சோறு கொண்டு போயிருந்தேன். தீக்காய வார்டு. அடுத்த கட்டிலில் தாயில்பட்டிக்காரர் ஒருவர். பட்டாசு விபத்து. கூட யாரும் இல்லை.

"தம்பி, ஒனக்குச் சாமி கும்பிடத் தெரியுமா?" என்றார்.

நான் வேதக்காரன் என்றேன்.

"எந்தச் சாமின்னாலும் சரி. எனக்காகக் கொஞ்சம் சொல்லி விடுப்பா."

சத்தமாக ஜெபித்துப் பழக்கமில்லை. வாயைத் திறந்தேன், வார்த்தை வந்தது. அவர் தூங்கிவிட்டார். தூக்குவாளியோடு சாயங்காலம் வரை அங்கேயே நின்றேன். ஒளி எதுவும் தெரியவில்லை. யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனால் இனி என் வேலை இதுதான் என்று தெரிந்தது.

அவ்வளவுதான். நிறுத்தினேன். 'சாயங்காலம் வரை' என்பதை விட்டுவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. இல்லை, சொல்லியிருந்தேன்.

வலது பக்கம் இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். இடது பக்கம் இருந்தவர் என் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"பகல்ல அச்சாபீஸ், சாயங்காலம் காலேஜா? படிக்கிற பிள்ளைக்கு இப்படி ஒரு மனசு பாருங்களேன்."

மூவரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன்.

"இரக்கந்தான் தம்பி அழைப்போட மொத அடையாளம்," என்றார் போதகர். "எங்க மூணு பேருக்கும் பூரண சமாதானம் இருக்கு. ஜூன் மாசம் பெட்டியோட வந்துருங்க."

ஸ்தோத்திரம் என்றேன்.

அந்தத் தாயில்பட்டிக்காரரை நான் பார்த்ததே இல்லை.

தூக்குவாளியோடு நின்றது என் அண்ணன் செல்வக்குமார். நான்கு வருடங்களுக்கு முன் இதே மூவர் முன்னால் உட்கார்ந்து இதைச் சொன்னதும் அவன்தான். பத்தாவதோடு நின்றவன். தீப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன். இரக்கம் வேறு, அழைப்பு வேறு, கர்த்தருக்குச் சித்தமில்லை என்று அன்று அனுப்பிவிட்டார்கள்.

படிப்பு போதாது என்று சொல்லியிருந்தால் படித்திருப்பான். சித்தமில்லை என்றால் என்ன செய்வது?

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் சேர்ந்தான். மருந்து கலக்கும் அறை. தீபாவளி சீசனில் அறை தீப்பிடித்தது. உயிர் மிஞ்சியது. இரண்டு கை விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டிப் போயின.

ஆஸ்பத்திரியில் அவன் வலியைப் பற்றிப் பேசவில்லை. "ஏலே, வேண்டாம்னது கர்த்தரா, அவுகளா?" என்றுதான் கேட்டான். வீட்டுக்கு வந்த பிறகும் அதையேதான் கேட்டான். தூக்கத்திலும் கேட்டான்.

இன்று நான் வந்தது அவன் யோசனை.

"என் சாட்சிய அப்படியே நீ போய்ச் சொல்லு. அன்னைக்குப் பேசுனது அவருன்னா, இன்னைக்கும் அதையேதான் சொல்லுவாரு."

படியில் இறங்கும்போது வரிசையாக வைத்துப் பார்த்தேன். சாட்சி அதே. கேட்டவர்கள் அதே. முன்பே கேட்டது மூவருக்கும் நினைவில்லை. மாறியது சட்டையும் படிப்பும்தான். இல்லை, நான் சொன்ன விதத்தில் எதையாவது கூட்டிவிட்டேனா? அப்படி இருந்தால் நன்றாக இருக்கும். எவ்வளவு யோசித்தும் எதுவும் அகப்படவில்லை.

கேட்டுக்கு எதிரே டீக்கடைப் பெஞ்சில், கைகளை முழுக்கைச் சட்டைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடி கேட்டான்.

"என்னலே சொன்னாக?"

பஸ் வருகிறதா என்று பார்ப்பது போல் நானும் திரும்பிக்கொண்டேன்.

"இரக்கம் வேற, அழைப்பு வேறயாம்."

அவன் மூச்சு விடுவது கேட்டது.

"அதே வார்த்தையா?"

"அதேதாம்ணே."

"நாலு வருசத்துல வேற வார்த்தையே கெடைக்கலையாக்கும் அவுகளுக்கு," என்று சிரித்தான். பிறகு மெதுவாக, "அப்போ அவருதாம்லே," என்றான்.

விபத்துக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. வெளியிடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். இன்னொருவர் கையால் குடிப்பதை நாலு பேர் பார்ப்பார்கள்.

"ஒரு டீ சொல்லுலே," என்றான்.

வாங்கி, ஊதி, அவன் வாயருகே கிளாஸைப் பிடித்தேன். கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அவன் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை.

அவன் முகத்தைப் பார்க்காமல் கிளாஸைச் சாய்த்ததில் அவன் சட்டையில் கொஞ்சம் சிந்தியது.

"வருத்தப்படாதலே," என்றான் அண்ணன். "அவரு தப்பாச் சொல்ல மாட்டாரு."